ஒளிக்கு ஏது துருவம்?

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் மாமாவும் நலம்தானே? உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? என் முழங்கால் வலி போன மாதமே போய்விட்டது. போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

இனி போன் வேண்டாம், கடிதம்தான் என்று நாம் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இது முதல் கடிதம். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ அதைத் திருத்தி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாய், தெரியும். உட்கார்ந்திரு.

பெரிய செய்தி: எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் சூரிய மின்பலகைகள் ஏறிவிட்டன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று பெயருக்கு இருந்தவன், ஒரு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சியும் கொஞ்சியும் எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். படிக்கட்டு விளக்கும் தண்ணீர் மோட்டாரும் இனி வெயிலில் ஓடும். முதல் மாடிப் பல் டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டிப் பேசினார். ஊரையே வாய் திறக்கச் சொல்கிறவர், எனக்காகத் தன் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

ஒரு சின்னச் சங்கடம் மட்டும் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் பலகைகள்மேல் பூச்சி. ஆற்றோரம் பறக்குமே, நீள வாலும் கண்ணாடி இறக்கையுமாக, ஒரு நாள் மட்டும் வாழுகிற பூச்சி, அதுதான். கூட்டம் கூட்டமாக வந்து விழுந்து செத்துக் குவிகிறது. காற்றடித்தால் மூன்றாம் மாடி ஜன்னல்களுக்குள் போய்விடுகிறது. அங்கே குடியிருக்கும் ராட்சசி, நகரப் பேருந்து ஓட்டுகிறவள், நேற்று ஒரு வாளிப் பூச்சியை என் கண்ணாடிக் கடை மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். "செயலாளரே, உங்க மின்சாரம் வழி தவறி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. எடுத்து வச்சுக்கோங்க" என்றாள். குரல் அப்படியே ஹாரன். கண் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர் பயந்து போய் எழுத்துப் பலகையில் இல்லாத எழுத்தையெல்லாம் படித்தார்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். பதில் போடு.

உன் பிரியமுள்ள
தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நலமே. உன் கடிதத்தில் பிழைகள் குறைவு. ஒற்றெழுத்தில் மட்டும் கவனம் தேவை.

பக்கத்து வீட்டுப் பெண்மணியை ராட்சசி என்று எழுதுவது அழகல்ல. பூச்சி அவர் வீட்டுக்குள் போனால் அவர் கோபப்படத்தான் செய்வார்.

எங்கள் கலைச்சொல் குழுவைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டாய் என்றாலும் சொல்கிறேன். பள்ளிப் புத்தகங்களுக்கான சொற்பட்டியலில் ஆங்கிலப் 'பி' எழுத்துக்கு வந்து, போலரைசேஷன் என்ற ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. ஒளியைப் பற்றிய பாடத்தில் அது ஒன்று. மின்சாரத்தில் வேறொன்று. பழைய மின்கலத்தில் குமிழ் சேர்ந்து மின்னோட்டம் குறைவதற்கும் அதே பெயர். நரம்பின் உள்ளும் புறமும் மின்னூட்டம் பிரிந்து நிற்பதற்கும் அதே பெயர். சமூகப் பாடத்திலோ, மக்கள் இரு பக்கமாகப் பிரிந்து நிற்பதற்கு அந்தச் சொல்லைத்தான் ஆளுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் 'முனைவாக்கம்' என்ற ஒரே சொல் போதும் என்பது என் கட்சி. ஒரு பிள்ளை ஐந்து பாடத்தில் ஐந்து சொல் படித்தால் ஐந்தும் ஒன்றே என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒளிக்கு மட்டும் 'தளவிளைவு' வேண்டும் என்று ஒரு கட்சி. பத்திரிகைக்காரர் ஒருவர் 'துருவப்படுத்தல்' என்கிறார். அவருக்கு அவரே கட்சி. சொல்லுக்குப் பொருள் கண்டுபிடிக்கப் போய், குழுவே அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாகிவிட்டது.

வீட்டில் குறையொன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒற்றெழுத்துகளைக் கவனித்து எழுதுகிறேன், இருந்தும் ஒன்றிரண்டு தப்பித்துப் போகும், விட்டுவிடு.

உன் குழுவுக்கு எங்கள் கட்டடம் சளைத்ததல்ல. இப்போது இங்கே இரண்டு கட்சி. பலகை வேண்டும் என்கிற பலகைக் கட்சி, கழற்று என்கிற பூச்சிக் கட்சி. முன்னதற்கு நான் தலைவன், பின்னதற்கு டிரைவரம்மா. (ராட்சசியை எடுத்துவிட்டேன், பார்த்தாயா?)

வேடிக்கை என்ன தெரியுமா? பலகை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் வாசல் நாய்க்குச் சாப்பாடு போடலாம் என்கிறார்கள், மாடியில் துணி காயப்போடக்கூடாது என்கிறார்கள். கழற்று என்பவர்கள் எல்லோரும் நாய்க்குப் போடக்கூடாது, துணி காயப்போடலாம் என்கிறார்கள். நாய்க்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்? முன்பெல்லாம் இந்தக் கட்டடத்தில் ஒவ்வொருவரும் நூறு திசையில் பேசுவார்கள். நாய் பிடித்தவருக்கு மோட்டார் சத்தம் பிடிக்காது, மோட்டார் பிடித்தவருக்கு என்னைப் பிடிக்காது. இப்போது ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், மிச்சப் பதிலை நானே எழுதிக்கொள்வேன்.

பல் டாக்டரும் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் அதிகாரியும் தினம் சாயங்காலம் கட்டடத்தைச் சுற்றி ஒன்றாக நடப்பார்களே, நீ வந்திருந்தபோதுகூட "பல்லும் தபாலும்" என்று சிரித்தாய். டாக்டர் பலகைக் கட்சி, தபால் பூச்சிக் கட்சி. இப்போது எதிரெதிர்த் திசையில் நடக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல், சேர்ந்து நடந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் நேருக்கு நேர் வருகிறார்கள். வந்ததும் இருவரும் வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருநாள் யாராவது குழியில் விழப்போகிறார்கள்.

மே மாதக் கூட்டத்தில் பலகையைக் கழற்ற ஓட்டெடுப்பு. எண்ணிப் பார்த்தேன், நான் தோற்றுவிடுவேன்போல.

இதற்கு நடுவில் டிரைவரம்மா கடைக்கு வந்தார். சண்டைக்கில்லை, கண்ணுக்கு. மழை பெய்து வெயில் அடித்தால் சாலை முழுக்கக் கண் கூசுகிறதாம், எதிரே வருவது தெரியவில்லையாம். போலரைஸ்டு கண்ணாடி ஒன்று கொடுத்தேன். போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் ஈரத் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து, "இதுல மட்டும் நீங்க பொய் சொல்லல" என்றார். எங்கள் கட்சியில் அன்றிலிருந்து என்னை 'எதிரிக்குக் கண்ணாடி விற்றவன்' என்கிறார்கள்.

மாமா உன் கட்சிதானே?

உன் பிரியமுள்ள
தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதிலே காணோம். வேலை அதிகமா, என்மேல் கோபமா? கோபம் என்றால் எதற்கு என்று எழுதிவிட்டுக் கோபப்படு.

அவசரமாக ஒரு விஷயம். மாமாவிடம் காட்டு, இது இயற்பியல்.

போன ஞாயிறு சாயங்காலம் பலகைகளைப் பார்க்க மாடிக்குப் போனேன். டிரைவரம்மா முன்பே அங்கே இருந்தார், கூட்டத்தில் எனக்கு எதிராகக் காட்டுவதற்குப் பூச்சிகளைப் படம் எடுத்துக்கொண்டு. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார். சுளுக்கு என்று நினைத்தேன்.

"கண்ணாடிக்காரரே, இங்க வாங்க. இதைப் போட்டுப் பாருங்க" என்று தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "நேரா நின்னா பலகை கறுப்பா இருக்கு. தலையைச் சாய்ச்சா பளபளன்னு இருக்கு. ஆமாவா இல்லையா?"

ஆமாம்.

"ஈர ரோடும் இப்படித்தான். தலையைச் சாய்ச்சா கூசுது, நிமிர்ந்தா கூசல. அப்ப இந்தப் பலகை, தண்ணி மாதிரிதானே மினுக்குது?"

தினமும் இந்தக் கண்ணாடியைத்தான் விற்கிறேன். என் மாடியைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: "பாவம். ஆறுன்னு நினைச்சு முட்டை போட வருதுங்க போல." ஒரு பூச்சி அவர் கைமேல் உட்கார்ந்தது. அதைத் தட்டிவிடவில்லை.

இது சரிதானா, சரியென்றால் என்ன செய்யலாம் என்று மாமாவிடம் கேட்டு உடனே எழுது. கூட்டத்துக்கு அதிக நாள் இல்லை.

உன் பிரியமுள்ள
தம்பி


மே 5

அன்புத் தம்பிக்கு,

நலம்.

மாமா இங்கே இல்லை. மார்ச் மாதத்திலிருந்து அவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறார். நீ அங்கேயே எழுதிக் கேட்டுக்கொள். முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

தளவிளைவுக் கட்சிக்குத் தலைவர் அவர்தான். குழுவில் இயற்பியலுக்கு அழைக்கப்பட்டவர் அவர், தெரியும் உனக்கு. அன்றைக்கு எழுந்து நின்று, "ஒளிக்கு ஏது முனை, ஏது துருவம்? இல்லாததை இருக்குன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லணுமா?" என்றார். நான் கூட்டத் தலைவர் தோரணையில், "உறுப்பினர் உணர்ச்சிவசப்பட வேண்டாம்" என்றேன். ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவர் கட்சி தோற்றது. யாருடைய வாக்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து சில நாட்கள், "உறுப்பினருக்குச் சாப்பாடு போடலாமா?", "உறுப்பினர் விளக்கை அணைக்கலாமா?" என்று அவருக்கு அவரே பேசிக்கொண்டிருந்தார். நான் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு ஒரு காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்காதே.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் பற்றிக் கேட்க எனக்கு இப்போது தனியாக ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மாமா பதில் போட்டுவிட்டார். கடிதமா அது, புத்தகம். படங்களோடு. டிரைவர் சொன்னது முழுக்கச் சரியாம். சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வரும், தண்ணீரிலோ கண்ணாடியிலோ பட்டுச் சாய்ந்து திரும்பும்போது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு ஆட்டுவதுபோல ஒரு படம் போட்டிருக்கிறார்: மேலும் கீழும் ஆட்டினால் கயிற்றின் அலை கம்பியைத் தாண்டிப் போகும், பக்கவாட்டில் ஆட்டினால் கம்பியில் முட்டி நின்றுவிடும். என் கடைக் கண்ணாடி அந்தக் கம்பி ஜன்னல். ஆற்றுப் பூச்சிகள் அப்படிப்பட்ட ஒளியைப் பார்த்துத்தான் தண்ணீரை அடையாளம் காணுமாம். எங்கள் பலகை ஆற்றைவிட நன்றாகவே ஆறு வேஷம் போடுகிறது. பலகைமேல் வெள்ளைக் கோடுகள் போட்டு வேஷத்தைக் கலைத்தால் வருவது குறையலாம் என்று எழுதியிருந்தார். படத்தை உனக்கும் வைத்திருக்கிறேன்.

கூட்டத்தில் நான் எழுவதற்கு முன் டிரைவர் எழுந்தார். "கழற்றணும்னு முதல்ல சொன்னது நான்தான். இப்ப நானே சொல்றேன், ஒரு மாசம் பொறுங்க" என்றார். தபால், "விலை போயிட்டீங்களா?" என்று கேட்டார். டிரைவர் அவரைப் பார்த்து நிதானமாக, "ஐயா, ஸ்டாப் தப்புன்னு தெரிஞ்ச பிறகும் வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார். ஓட்டெடுப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது.

ஆனால் மறுநாளிலிருந்து அவர் கட்சியில் அவருக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. படிக்கட்டில் அவர் ஏறினால் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் மட்டும், "எனக்கென்ன, பஸ்ஸில் தினம் ஆயிரம் பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் உக்காருறாங்க" என்கிறார். அவருடைய டிப்போ பேட்டரிக்காரர்கூட ஏதோ போலரைஸ் ஆகிவிட்டது என்று சொல்வாராம், "அப்பல்லாம் அது திட்டற வார்த்தைன்னு நினைச்சேன்" என்றார். உன் குழுவுக்கு இதையும் சேர்த்துக்கொள்.

போன ஞாயிறு நாங்கள் பாதிப் பலகைகளுக்கு வெள்ளைப் பட்டை ஒட்டினோம். மீதிப் பாதியை அப்படியே விட்டிருக்கிறோம், ஒப்பிட்டுப் பார்க்க.

கடைசியாக. மாமா அந்தப் புத்தகத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலில், "அவள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று நீயே கேட்பதுபோல் கேள்" என்று இருந்தது. ஆகவே நானே கேட்பதுபோல் கேட்கிறேன்: மாத்திரை சாப்பிடுகிறாயா?

உன் பிரியமுள்ள
தம்பி


ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். நீ கேட்டதற்காகச் சொல்கிறேன்.

கயிற்றுப் படத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக அவர் கம்பியை இப்படிக் கோணலாகத்தான் வரைகிறார். அதைப் பார்த்துக்கொண்டே உன் பழைய கடிதத்தை எடுத்து அந்த நாய் விஷயத்தைத் திரும்பப் படித்தேன். நூறு திசையில் பேசியவர்கள் ஒரே திசையில் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. நான் இத்தனை நாள் மக்கள் இரண்டாகப் பிரிவதுதான் அந்தச் சொல் என்று நினைத்திருந்தேன். பிரிவு பிறகு வருவது. முதலில் ஒவ்வொரு ஆளுக்குள்ளும் மற்றத் திசைகள் அடங்கிப்போகின்றன. குழுவுக்குள் நுழையும் முன் எனக்கு உன் மாமாவைப் பற்றி எத்தனையோ அபிப்பிராயம் இருந்தது. உள்ளே நுழைந்தபின் ஒன்றே ஒன்று.

நேற்று குழுவில் 'முனைவாக்கம்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். ஒளிக்கு நேரே அதை எழுதக் கை வரவில்லை. தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன். மாத்திரையும் சாப்பிட்டேன்.

இனி உன் விஷயம். முதல் கடிதத்தில் ராட்சசி. பிறகு டிரைவரம்மா. பிறகு வெறும் டிரைவர். போன கடிதத்தில் 'நாங்கள்' பட்டை ஒட்டினோம் என்று இருக்கிறது. நானும் எத்தனையோ பேரின் எழுத்தைத் திருத்தியவள். அந்த 'நாங்கள்' யார் யார் என்று தெளிவாக எழுதவும்.

ஆசிகளுடன்
அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே வெயில் எப்படி? இங்கே நேற்று நல்ல மழை.

பட்டை வேலை செய்கிறது. ஒட்டாத பலகைகளில் பழையபடி குவியல். ஒட்டியதில் அங்கொன்று இங்கொன்று. நேரில் காட்டாமல் இவர்கள் நம்பமாட்டார்கள் என்று எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போனோம். என் கடைக் கண்ணாடிகளை ஆளுக்கொன்று கொடுத்துத் தலையைச் சாய்க்கச் சொன்னேன். கட்டடம் முழுக்க மாடியில் நின்று ஒரே நேரத்தில் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்து, "ஆமாம்பா", "அட, ஆமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை எதிர்க் கட்டடத்துக்காரர்கள் ஜன்னலில் கூடி நின்று பார்த்தார்கள். ஏதோ புது உடற்பயிற்சி என்று நினைத்திருப்பார்கள்.

மீதிக்கும் ஒட்டுவது என்று முடிவாயிற்று. மின்சாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்லமாட்டேன். நான்காம் மாடிக் குடும்பம் இன்னும் நாய் விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறது, மாடி இப்போது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று புதிதாக ஒன்றையும் தொடங்கியிருக்கிறது. ஆனால் அதில் பாதிப் பேர் அவர்களோடு, பாதிப் பேர் எதிராக. பழைய கட்சிப்படி இல்லை, கலந்தடித்துப் போயிருக்கிறது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

தபால் அதிகாரி டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி, "சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன்மா" என்றாராம். பல் டாக்டரிடம் அவர் அப்படிப் போகவில்லை. போன செவ்வாய் வழக்கம்போல் எதிரெதிரே நடந்துகொண்டிருந்தார்கள். தபாலின் செருப்பு வார் அறுந்துவிட்டது. டாக்டர் நின்றார், வானத்தைப் பார்த்தார், பிறகு செருப்பைப் பார்த்தார். "அந்தக் கடையில வாங்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். "நீ சொன்னதாலதான் வாங்கினேன்" என்றார் தபால். அப்படியே திரும்பி ஒன்றாக நடந்து வந்தார்கள், ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

மாமா எப்போது வருகிறார்?

உன் பிரியமுள்ள
தம்பி


ஜூலை 11

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். நலம், இருவரும்.

ஆம், இருவரும். போன வியாழக்கிழமை நான் வண்டியேறி அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் அவரே. எனக்கு யோசித்தது எல்லாம் மறந்துபோய், "உறுப்பினரைப் பார்க்க வந்திருக்கேன்" என்று வந்துவிட்டது. அவர் வழிவிட்டு ஒதுங்கினார். பிறகு, "உறுப்பினர் குளிச்சுக்கிட்டிருக்கார், உள்ள வந்து உக்காருங்க" என்றார். உள்ளேயிருந்து அவருடைய அண்ணன் மனைவி சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

பிறகுதான் கூத்து. நான், "யோசிச்சுப் பார்த்தேன், ஒளிக்குத் தளவிளைவுதான் சரி" என்றேன். அவர் முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கிவிட்டது. "நானும் யோசிச்சேன். உன் தம்பி அந்த நாய் விஷயம் எனக்கும் எழுதியிருந்தான். ஒளியும் மனுஷனும் ஒரே காரியத்தைத்தான் செய்யறாங்க. அப்ப ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான் வேணும். முனைவாக்கமே இருக்கட்டும்" என்கிறார். என் கட்சியை அவர் எடுத்துக்கொண்டார், அவர் கட்சி என் தலையில். வண்டியில் வீடு வரும்வரை சண்டை. பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். நான்கு மாதமாக வீட்டில் கேட்காத சத்தம் இது. எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

குழு எங்கள் இருவரையும் கேட்டுக் களைத்துப்போய், ஒளிக்கு நேரே இரண்டு சொல்லையும் போட்டு, அடைப்புக்குள் மற்றப் பொருள்களையும் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. பத்திரிகைக்காரருக்கு மட்டும் வருத்தம்.

உன் போன கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெயில், மழை, செருப்பு எல்லாம் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மாமாவும் தேடிப் பார்த்தார்.

அன்புடன்
அக்கா


ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

வணக்கம். நலம் என்று நம்புகிறேன். உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாததால் இப்படித் தொடங்கியிருக்கிறேன். மூன்றாம் மாடியில் இருக்கும் பஸ் டிரைவர் நான். உங்கள் தம்பி உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஒரு வாரமாகக் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலிருந்து அவர் சனிக்கிழமைகளில் என் வண்டியில் ஏறுவார். கடைசி நிறுத்தம்வரை வருவார். அங்கே ஒரு சிமெண்ட் கிடங்கும் ஒரு பெட்டிக்கடையும்தான் உண்டு. இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்புவார். என்ன வேலை என்று கேட்டால், "காத்து நல்லா இருக்கு" என்பார். சிமெண்ட் காற்று. போன மாதம் ஒரு சனிக்கிழமை கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நானே கேட்டேன். "என்னைக் கட்டிக்கிற எண்ணம் இருக்கா, இல்ல டிக்கெட் எடுத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?" என்றேன். இருக்கிறது என்றார். அப்புறம் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்பே ஒருமுறை கல்யாணம் ஆகி, அது முடிந்தும் போயிற்று. சண்டை போட்டுப் பிரியவில்லை, பேச்சே இல்லாமல் பிரிந்தோம். அதை உங்களிடம் எப்படி எழுதுவது என்றுதான் அவருக்குத் தயக்கம். நீங்கள் ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டுவிடுவீர்களோ என்று பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை. முழுசாகச் சொல்லிவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள இடமிருக்காது என்று நினைக்கிறேன்.

உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றாலும் எனக்கே எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் தாங்குவார். உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். வெள்ளைப் பட்டைக்கு நன்றி சொல்லுங்கள்.

இப்படிக்கு
மூன்றாம் மாடி


ஆகஸ்ட் 7

அன்புள்ள மூன்றாம் மாடிக்கு,

ஆசிகள். இருவரும் நலம். உன் கடிதத்தில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

ஒருமுறை முடிந்துபோனதைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கல்யாணம் எத்தனை முறை முடிந்து எத்தனை முறை தொடங்கியிருக்கிறது என்று எங்களுக்கே கணக்கில்லை. கடைசியாகத் தொடங்கியது போன மாதம். நீ பேச்சில்லாத வீட்டில் இருந்து வந்திருக்கிறாய் என்று படித்ததும் அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "இந்தக் குடும்பத்துல அதுக்கு மட்டும் பஞ்சம் இருக்காதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

என்னை அண்ணி என்று கூப்பிடு. வருகிற ஞாயிறு காலை வண்டியில் நாங்கள் வருகிறோம். நிலையத்திலிருந்து உன் பேருந்தில்தான் ஏறுவோம், நேரத்தை எழுது. தம்பியிடம் இப்போதைக்குச் சொல்லாதே. அவன் அந்தக் கடிதத்தை எழுதி முடிக்கட்டும். எப்படித் தொடங்குகிறான் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்
அண்ணி